பிடுங்காமல் விட்ட கம்பி

3 மார்ச் 2025, திங்கள்

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த நோட்டு கடையில் கொடுத்தது. எந்த மெஷினில் எந்த வயர் எங்கே போகிறது என்று குறித்துவைக்கத்தான் கொடுத்தார்கள். நான் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பி எழுதுகிறேன். எழுதிவைக்கிற அளவுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை என்பதும் தெரியும். ஆனால் கோலார் தங்கவயலில் சாம்பியன் ஸ்டேஷனில் ஏறினால் பெங்களூர் கன்டோன்மென்ட் வர இரண்டரை மணி நேரம் ஆகிறது. பேசுகிறவர்கள் பேசுகிறார்கள், தூங்குகிறவர்கள் தூங்குகிறார்கள். எனக்கு இரண்டும் வருவதில்லை.

கடை பெங்களூர் அடுகோடியில், ஒரு டயர் பட்டறைக்கு மேல்மாடி. கேம் ஆடுகிறவர்களுக்கும் வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கும் தண்ணீரால் குளிர்விக்கிற கம்ப்யூட்டர் செய்து கொடுக்கிறோம். உள்ளே குழாய், பம்ப், ஃபேன், எல்லா இடத்திலும் லைட். இவை எல்லாவற்றையும் ஆட்டிவைக்க உள்ளங்கை அகலத்தில் ஒரு கன்ட்ரோலர். குழாய் வளைப்பது டேரில் என்பவர். அவர் சீனியர். "கண்ணாடி போட்ட பக்கம் என்னுது. தகரம் போட்ட பக்கம் உங்களுது" என்பார். கண்ணாடிப் பக்கத்தைத்தான் கஸ்டமர் பார்ப்பார். தகரத்துக்குப் பின்னால்தான் வயர் எல்லாம்.

தகரப் பக்கத்துக்கு நானும் சுனிதாவும். இருவரும் டிரெய்னி, பத்து மாதமாக. நான் பி.ஈ., எங்கள் வீட்டில் முதல் டிகிரி. அவள் டிப்ளமோ, ஜோகுபாளையத்துப் பெண். அவள் அம்மா ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் காலர் தைக்கிறார். சுனிதாவின் குரல் கீழே டயர் பட்டறை வரை கேட்கும். என் குரல் எனக்கே கேட்காது. அதனால் தானாகவே ஓர் ஏற்பாடு வந்துவிட்டது: நான் அவள் காதில் சொல்வேன். அவள் எல்லோருக்கும் சொல்வாள்.


5 மார்ச், புதன்

வேலைக் குறிப்பையே இங்கேயும் எழுதுகிறேன். குற்ற உணர்வு கொஞ்சம் குறையும்.

கன்ட்ரோலரின் லைட் முனை இரண்டு ஆம்பியர் வரைதான் கொடுக்கும். லைட் அதிகமானால் நடுவில் ஒரு ஹப் வைப்போம். லைட் வயர் எல்லாம் ஹப்பில் சேரும். ஹப், கரண்ட்டை பவர் சப்ளையிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும். கன்ட்ரோலரிலிருந்து ஹப்புக்கு 'இப்போது நீலம், இப்போது பச்சை' என்கிற கட்டளை மட்டும் போனால் போதும். அதற்கு இரண்டு கம்பி. நாங்கள் வாங்குகிற கேபிளில் மூன்றாவதாகச் சிவப்பில் ஓர் ஐந்து வோல்ட் கம்பியும் இருக்கும். அதைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் லைட் எல்லாம் கன்ட்ரோலர் வழியாகவும் கரண்ட் இழுக்கும். மங்கலான நிறத்தில் ஒன்றும் ஆகாது. எல்லாவற்றையும் முழு வெள்ளையில் போட்டால் அன்றைக்குக் கன்ட்ரோலர் கருகும்.

புதுக் கேபிள் பை வந்தால் நான் உட்கார்ந்து, ஊசியால் பின்னை நெம்பி, எல்லாக் கேபிளிலிருந்தும் சிவப்பைப் பிடுங்கி, நீல டப்பாவில் போட்டுவைப்பேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. எல்லோரும் டப்பாவிலிருந்து எடுக்கிறார்கள். கேபிளே இரண்டு கம்பியோடுதான் வருகிறது என்று நினைக்கிறார்கள். சொல்ல வேண்டும். யாரிடம்? எப்படி ஆரம்பிப்பது?


11 மார்ச், செவ்வாய்

பெரிய ஆர்டர். வைட்ஃபீல்டில் சித்தார்த் என்று ஒருவர், கேம் ஆடுவதை நேரலையில் காட்டுகிறவர். அவருக்கு எங்கு பார்த்தாலும் லைட் வேண்டும். ஹரிஷ்குமார் சார் (முதலாளி, கன்னடம் கலந்துதான் பேசுவார்) எல்லாவற்றையும் கன்ட்ரோலரிலேயே நேராகச் சேர்த்துவிடலாம் என்றார். "சும்னே எதுக்கு ஹப்பு?"

நான் மனதில் கூட்டினேன். ஆறு ஃபேனில் நாற்பத்தெட்டு. பட்டையில் முப்பது. தண்ணீர்த் தொட்டியில் பன்னிரண்டு. தொண்ணூறு லைட், ஒவ்வொன்றும் வெள்ளையில் அறுபது மில்லி ஆம்பியர். ஐந்து புள்ளி நான்கு. சுனிதாவின் காதில் சொன்னேன்.

"சார், அஞ்சரை ஆம்பியர் கிட்ட வருது சார், கன்ட்ரோலர் தாங்காது" என்றாள் அவள்.

சார் ஹப்புக்கு ஒத்துக்கொண்டு டேரிலைத் திரும்பிப் பார்த்தார். "நோடு, டிப்ளமோ எப்படி யோசிக்குது! பி.ஈ. மியூட்ல இருக்கு."

மியூட் என்பது நான். அந்தப் பெயரை வைத்தது சுனிதா. முதல் மாதம், சார் என்னிடம் ஏதோ கேட்டு நான் விழித்துக்கொண்டு நின்றபோது, "சார், இவளுக்கு மியூட் பட்டன் மாட்டிக்கிச்சு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒட்டிக்கொண்டது.

ஆரம்பத்தில் அவள் "பிரபாதான் சொன்னா சார்" என்று சொல்லத்தான் செய்தாள். "பிரபாவா? அவ பேசுவாளா? எந்த பாஷையில?" என்பார் சார். நாலைந்து தடவைக்குப் பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. இல்லைதான்.


12 மார்ச், புதன்

சுனிதா அவள் முட்டையை என் டிபன் பாக்ஸில் வைத்தாள். "உன் மூளைக்கு வாடகைடி" என்றாள். சாப்பிட்டேன்.


17 மார்ச், திங்கள்

சித்தார்த் கடைக்கு வந்தார். கையில் கேமரா. சுனிதாதான் சுற்றிக் காட்டினாள். சுவரில் ஆணியில் தொங்குகிற மெடலையும் காட்டினாள்.

மெடல் என்றால் கருகிப்போன போர்டு ஒன்று, கயிற்றில் கட்டியது. எதையாவது கருக்கியவர் அன்று முழுக்க அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். டீ குடிக்கப் போனாலும், கஸ்டமர் வந்தாலும். சாரின் ஏற்பாடு. போன ஆகஸ்டில் ஒரு ஃபேன் ஹப் கருகியபோது நான் மாட்டிக்கொண்டேன். கருக்கியது நான் இல்லை, டேரில். ஐந்து வோல்ட் வயரைப் பன்னிரண்டு வோல்ட் முனையில் அவர்தான் செருகினார், பார்த்தேன். சார் "யாரு?" என்றார். டேரில் கூரையைப் பார்த்தார். எனக்குச் சொல்ல வாய் வருவதற்குள் கயிறு என் கழுத்தில் விழுந்துவிட்டது. சுனிதா போட்டோ எடுத்து குரூப்பில் போட்டாள்.

இன்று அந்தப் போட்டோவைத் தேடி எடுத்து சித்தார்த்திடம் காட்டினாள். "இவதான் சார் எங்க சாம்பியன். ஸ்டேஷனும் சாம்பியன்தான்!" அவர் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேமராவை என் பக்கம் திருப்பினார். "ஏதாவது சொல்லுங்க."

அவர்கள் சிரித்து முடிக்கும் வரை ஸ்க்ரூ எண்ணினேன். பதினேழு.


20 மார்ச், வியாழன்

சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். யுகாதி முடிந்ததும் ஒருத்தியைத்தான் பர்மனென்ட் ஆக்க முடியுமாம். இன்னொருத்தி வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"சித்தார்த் பில்ட் சுனிதா செய்யட்டும். ஸ்டிக்கர்ல அவ பேரு. பிரபா கூட நின்னு எடுத்துக் கொடு. நல்லா போச்சுன்னா நான் யோசிக்கவே வேணாம் பாருங்க."

வெளியே வந்ததும் சுனிதா என் கையைப் பிடித்தாள். "இது வரலேன்னா அம்மா லைன்லயே எனக்கும் மெஷின் போட்டு வெச்சிருக்காங்கடி. சூப்பர்வைசர் பாத்ரூம் போனா டைம் பாப்பான். நான் போமாட்டேன்." பிறகு, "உனக்கென்ன, நீ பி.ஈ., எங்க போனாலும் எடுத்துப்பாங்க" என்றாள்.

எங்கே போனாலும். ஒன்பது இன்டர்வியூ போயிருக்கிறேன். ஒன்பதிலும் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதைத் தாண்டியதில்லை. இந்த வேலை கிடைத்தது இன்டர்வியூ இல்லாததால். சார் ஒரு வயர் கட்டைக் கையில் கொடுத்து, பிரித்து வை என்று மட்டும் சொன்னார்.


21 மார்ச், வெள்ளி

புதுக் கேபிள் பை வந்தது. நான் பிரிக்கவில்லை.


22 மார்ச், சனி

மறந்துவிட்டேன் என்று எழுதலாமா? நோட்டிடமுமா?

நீல டப்பாவில் இரண்டு கேபிள் மிச்சம் இருந்தது. இரண்டும் இன்று வேறு மெஷினுக்குப் போய்விட்டன. டப்பா காலி.


27 மார்ச், வியாழன்

நான் நாலு மணிக்கே கிளம்பிவிட்டேன். அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று சொன்னேன். உண்மைதான். ஆனால் சனிக்கிழமையும் போயிருக்கலாம்.

ரயில் வைட்ஃபீல்டில் நின்றபோது சுனிதாவிடமிருந்து போட்டோ வந்தது. தகரப் பக்கம், மூடுவதற்கு முன்னால். வயரை எல்லாம் சீப்பு போட்டு வாரியதுபோல் கட்டியிருந்தாள். நான்கூட அப்படிக் கட்டியதில்லை. கீழே எழுதியிருந்தாள்: "மூடட்டுமாடி? சரியா இருக்கா பாரு."

பெரிதாக்கிப் பார்த்தேன். கன்ட்ரோலரிலிருந்து ஹப்புக்குப் போகிற கேபிள். மூன்று கம்பி. சிவப்பு நன்றாகத் தெரிந்தது. பையிலிருந்து நேராக எடுத்திருக்கிறாள். எப்போதும் டப்பாவிலிருந்து எடுப்பவளுக்கு மூன்று இருந்தால் என்ன, இரண்டு இருந்தால் என்ன?

ஒரு வார்த்தை போதும். பிடுங்கு. நான்கு எழுத்து.

பத்து மாதம் உன் காதில் சொன்னேன். ஒரே ஒரு தடவை சொல்லாம இருந்தா என்ன ஆயிடும்? நீயா பாத்து பண்ணு. ஒரு தடவை நீயா பண்ணு பாப்போம்.

ரயில் கிளம்பியதும் "ரொம்ப அழகா இருக்கு" என்று அனுப்பினேன். அது பொய் இல்லை.

அவள் மூன்று முத்தம் அனுப்பினாள்.


28 மார்ச், வெள்ளி

டெஸ்ட் செய்தார்கள். நீலம், ஊதா, வானவில். சார் வெள்ளை போடவில்லை. யாரும் போடுவதில்லை, வெள்ளையில் தூசி தெரியும். மெஷின் கிளம்பிப் போனது. ஸ்டிக்கரில் சுனிதாவின் பெயர். அவள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டேரில் கேலி செய்தார். எனக்குக் கேலி வரவில்லை.


1 ஏப்ரல், செவ்வாய்

சித்தார்த்தின் சேனலை ரயிலில் பார்த்தேன். பின்னால் மெஷின் தெரிகிறது. ஊதா.


2 ஏப்ரல், புதன்

ஊதா.


3 ஏப்ரல், வியாழன்

பச்சை. இன்னும் சொல்லலாம். கேபிள் மாத்தணும்னு தோணுதுடி, ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடு என்று சொன்னால் போதும். தோணுது என்றே சொல்லலாம், பார்த்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

மதியம் சுனிதா வாயில் சோற்றோடு பேசிக்கொண்டிருந்தாள். பர்மனென்ட் ஆனதும் முதல் வேலையாக என்னையும் எப்படியாவது உள்ளே இழுத்துவிடுவாளாம். "சார்கிட்ட நான் பேசறேன்டி. நீ எப்பவும் போல பக்கத்துல நின்னா போதும்."

எப்பவும் போல.

சொல்லவில்லை.


5 ஏப்ரல், சனி

வெள்ளை.

இன்று அவர் சேனலுக்கு ஒரு லட்சம் பேர் சேர்ந்ததைக் கொண்டாடினார். எங்கள் மெஷினைக் காட்டுவார் என்று சார் கடையின் பெரிய திரையில் போட்டார். சுனிதா அல்சூரிலிருந்து மைசூர்பாகு வாங்கி வந்திருந்தாள். முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால், கேபிள் ரேக் ஓரம் நின்றேன்.

சித்தார்த் அறையின் லைட்டை அணைத்தார். "ஃப்ரெண்ட்ஸ், இப்ப ஃபுல் வைட், ஃபுல் பிரைட்னெஸ்" என்றார். அவர் விரல் போவதைப் பார்த்தேன். பம்ப்பிலிருந்து கடைசி ஃபேன் வரை ஒரே வெள்ளை. சுனிதா கை தட்டினாள். "சக்கத்தா இருக்குல்ல?"

நான் மனதில் எண்ண ஆரம்பித்தேன். எண்பது வரை ஒன்றும் ஆகவில்லை. ஒருவேளை என் கணக்கு தப்போ? தப்பாக இருக்கட்டும் என்று வேண்டினேனா? வேண்டவில்லை என்று எழுத வேண்டியிருக்கிறது.

தொண்ணூற்று ஆறில் லைட் துடித்தது. தகரப் பக்கத்திலிருந்து புகை. மெல்லிய நூல்போல் மேலே போனது. பிறகு எல்லாம் இருட்டு. இருட்டுக்குள் சித்தார்த் கத்துவது கேட்டது. பம்ப்பும் நின்றிருக்கும், அதே கன்ட்ரோலர்தானே. திரை ஓரத்தில் பார்க்கிறவர்கள் சிரித்துச் சிரித்து எழுதிக்கொண்டிருந்தார்கள், மேலே ஓடிக்கொண்டே இருந்தது.

சுனிதா திரும்பி என்னைப் பார்த்தாள். சாரை இல்லை, டேரிலை இல்லை. என்னை. என்ன ஆச்சு, சொல்லு, என் காதில் சொல்லு என்பதுபோல்.


6 ஏப்ரல், ஞாயிறு

சித்தார்த் வீட்டுக்குப் போனோம். சார், சுனிதா, நான். வைட்ஃபீல்ட், பதினான்காவது மாடி. கேட்டில் எங்களைச் சரக்கு லிஃப்டில் போகச் சொன்னார்கள்.

சித்தார்த் கேமராவைத் தயாராக வைத்திருந்தார். "யாரு பண்ணது?" சார் சுனிதாவின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். வயரிங் செய்தவளே நேரில் மன்னிப்புக் கேட்பதாக போனிலேயே பேசி முடித்திருக்கிறார்கள். மெஷினைத் திருப்பிக் கொடுக்காமல் இருக்க அதுதான் பேரம்.

என்னைத் தகரப் பக்கம் அனுப்பினார்கள். மண்டியிட்டுத் திறந்தேன். கன்ட்ரோலர் ஒரு மூலையில் உருகியிருந்தது. கழற்றிச் சாரிடம் கொடுத்தேன். அவர் பாக்கெட்டிலிருந்து கயிறு எடுத்தார். கடையிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்.

"எங்க கடையில ஒரு பழக்கம் இருக்கு சித்தார்த்."

"ஐயோ, செம! இருங்க, லைட் போடறேன்."

சுனிதா தானே தலையைக் குனிந்து கொடுத்தாள்.

"ஃப்ரெண்ட்ஸ், சாரி. என் தப்புதான்" என்றாள். சித்தார்த், இன்னொரு தடவை, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து என்றார். சொன்னாள். மெடலைக் கையில் தூக்கிக் காட்டி இன்னொரு தடவை என்றார். சொன்னாள். அவர் வருகிற கருத்துகளைச் சத்தமாகப் படித்தார். "'சப்பாத்தியாவது ஒழுங்கா வட்டமா வருமா?'ன்னு கேக்கறான் பாருங்க." சாரும் சிரித்தார். சுனிதாவும் சிரித்தாள். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

நான் புதுக் கன்ட்ரோலரை மாட்டினேன். சிவப்புக் கம்பியைப் பிடுங்கினேன். இருபது நிமிடம். வெள்ளை போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். போட்டேன். நின்றது. அந்த வெளிச்சம் நேராகச் சுனிதாவின் முகத்தில் விழுந்தது. மை கன்னம் வரை இறங்கியிருந்தது.

வராந்தாவில் சார் என்னைத் தனியாகக் கேட்டார், என்ன தப்பு என்று.

"கேபிள்ல அஞ்சு வோல்ட் கம்பிய பிடுங்கல சார். அதான்."

முழு வாக்கியம். தெளிவாக. என் குரல் எனக்கே கேட்டது.

சார் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "பேசறியே நீ!"

காரில் திரும்பும்போது சார் கண்ணாடியில் பார்த்தபடி கேட்டார். "மூடறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது காட்டினியா சுனிதா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இல்ல சார். நானேதான் பாத்து மூடினேன்."


8 ஏப்ரல், செவ்வாய்

இன்று சுனிதாவின் கடைசி நாள். ஸ்க்ரூடிரைவர் செட்டை மேஜையில் வைத்தாள், அடையாள அட்டையைக் கழற்றி வைத்தாள். பஸ் ஸ்டாப் வரை கூட நடந்தேன்.

"உன் பேரைச் சொல்லியிருந்தா உன்னையும் சேத்து தூக்கியிருப்பான்டி அந்த ஆளு" என்றாள். "உனக்கும்தான் தெரியல, எனக்கும்தான் தெரியல. ஒருத்தியாவது உள்ள இருக்கட்டும்."

நான் தலையாட்டினேன்.

"என்ன தப்புன்னு இன்னி வரைக்கும் ஒருத்தனும் எனக்குச் சொல்லலடி. அதுதான் பேஜாரா இருக்கு. நீ உள்ள பாத்தியே, என்னதான்டி ஆச்சு?"

"எனக்கும் சரியா தெரியல. புதுசு மாட்டினேன், ஓடுச்சு."

எவ்வளவு சுலபமாக வந்தது! பத்து மாதமாக வராத வாய்.

பஸ் ஏறும்போது என் கன்னத்தைக் கிள்ளினாள். "கடையிலயே நீ ஒருத்திதான்டி என்னைப் பாத்து சிரிக்கல."


14 ஏப்ரல், திங்கள்

அம்பேத்கர் ஜெயந்தி. எங்கள் லைன் வீட்டு வரிசையில் பந்தல், நீலக் கொடி, காலையில் புத்த விகாரையில் வந்தனம். இந்த வருடம், வீட்டில் முதல் டிகிரி வாங்கி வேலையில் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சால்வை போட்டார்கள். மூன்று பேரில் நான் ஒருத்தி. அப்பா செக்யூரிட்டி டியூட்டியை மாற்றிக்கொண்டு, யூனிஃபார்ம் பேண்ட்டோடும் வெள்ளைச் சட்டையோடும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மைன்ஸ் மூடிய மறு வருடம் பிறந்தவள் என்று மைக்கில் என்னை அறிமுகம் செய்தார்கள். பர்மனென்ட் என்று இரண்டு தடவை சொன்னார்கள்.

இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக் முன்னால் நின்றேன். வாய் திறக்கவில்லை.

"பொண்ணுக்கு அவ்ளோ அடக்கம்" என்றார் தலைவர். எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் பயம் இவர்களுக்கு நல்ல குணமாகத் தெரிகிறது. எப்போதுமே அப்படித்தான் தெரிந்திருக்கிறது. நான் அதற்குள் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்போல.


2 ஜூன், திங்கள்

இன்று எல்லோரையும் நிற்கவைத்து, கேபிளில் சிவப்பைப் பிடுங்க வேண்டும் என்று செய்து காட்டினேன். என் குரல் நன்றாகவே கேட்டதாம். டேரில் "பேசற பொண்ணுதான் நீ!" என்றார். சார் இப்போது மியூட் என்பதில்லை.

மாலை ஓசூர் ரோட்டில் ஷிப்ட் விட்டு வந்த பெண்களுக்கு நடுவில் சுனிதா. தலையில் நூல் பிசிறு. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். ஒரு ஆட்டோவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.


19 ஆகஸ்ட், செவ்வாய்

மதியம் டீ நேரத்தில் சுனிதா போன் செய்தாள். நாலு மாதத்தில் முதல் தடவை. பழைய குரலே.

எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் வயரிங் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். வியாழக்கிழமை இன்டர்வியூ. செய்த வேலையின் போட்டோ கொண்டுவரச் சொன்னார்களாம்.

"நான் எதைக் காட்டப் போறேன் சொல்லு? சித்தார்த் பில்டு! கருகினதேதான்டி. என்ன தப்புன்னு நானே கண்டுபுடிச்சிட்டேன். லைன்ல உக்காந்து உக்காந்து அதையேதான் யோசிச்சேன். கேபிள்ல மூணு கம்பி இருக்குடி! நம்ம நீல டப்பாவுல எப்பவும் ரெண்டுதானே இருக்கும்? யாரோ புடுங்கி புடுங்கி வெச்சிருக்காங்க, நமக்குத் தெரியவே இல்ல. யாருடி அது, டேரிலா?"

"தெரியல" என்றேன்.

"தப்பை மறைக்காம காட்டி, ஏன் ஆச்சுன்னு சொன்னா எடுத்துப்பாங்கல்ல? மத்த போட்டோ எல்லாம் பழைய போனோட போச்சு. உனக்கு அனுப்பினேன் பாரு, அது மட்டும்தான் நம்ம சாட்ல இருக்கு. நல்லவேளை அனுப்பினேன். அப்படியே அதைத் திறந்து காட்டிடுவேன்."

கடைப் பெயரைக் கேட்டேன். சொன்னாள். அந்த முதலாளியும் எங்கள் சாரும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகக் கிரிக்கெட் ஆடுகிறவர்கள்.

"இது கிடைச்சிட்டா தப்பிச்சேன்டி. வேண்டிக்கோ எனக்காக" என்றாள். வேண்டிக்கொள்கிறேன் என்றேன்.

போனை வைத்தபின் அந்த சாட்டைத் திறந்தேன். போட்டோ. மூன்று கம்பி. "சரியா இருக்கா பாரு." அதற்குக் கீழே என் பதில், தேதியோடு, நேரத்தோடு. கம்பியைப் பற்றித் தெரிந்தவர் எவரும் அந்த இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் போதும். ஏப்ரல் ஆறாம் தேதி வராந்தாவில் நான் என்ன தப்பு என்று தெளிவாகச் சொன்னதும் சாருக்கு நினைவிருக்கும். என் பதிலை அவள் போனிலிருந்தும் அழிக்கிற காலம் எப்போதோ கடந்துவிட்டது. இனி அவள்தான் அழிக்க வேண்டும்.

அவளுக்கு அந்தப் போட்டோ இல்லாவிட்டால் காட்ட வேறு எதுவும் இல்லை. தெரியும்.

நாலு மணியிலிருந்து எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். 'டப்பாவில் பிடுங்கி வைத்தது நான்' என்று ஒரு தடவை எழுதினேன். அழித்தேன். சாட்டை அழிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். ஒன்றும் தெரியாதவள் எதற்கு அழிக்கச் சொல்கிறாள் என்று அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆகாது. கேட்காவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்பாவுக்கும்.

ஒருத்திக்குத் தெரிவது பரவாயில்லை. அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். காரில் சொல்லவில்லையே.

ரயில் பங்காருப்பேட்டையைத் தாண்டும்போது அனுப்பினேன்:

"சுனிதா, உன்கிட்ட நான் எதுவுமே கேட்டதில்ல. அந்த போட்டோவை வியாழக்கிழமை காட்டாதே. நம்ம சாட்டை மொத்தமா அழிச்சிடு, ப்ளீஸ்டி."